பிரான்ஸா பிரிட்டனா, கிறிஸ்தவங்களுக்கு எது நியாயம்?

மதச்சார்பற்ற நாட்டுல கிறிஸ்தவங்களுக்கு பாகுபாடு இருக்கான்னு பொதுவா கேட்டா பதில் கிடைக்காது, எந்த நாட்டு சட்டம்னு பாக்கணும்.

சிலுவை போட்டுட்டு வேலைக்கு போறது

பிரான்ஸ்: அரசு ஊழியர்னா வேலை நேரத்துல எந்த மத அடையாளமும் தெரியக்கூடாது, முக்காடும் சரி சிலுவையும் சரி. அரசு பள்ளி பிள்ளைங்களுக்கு 2004 சட்டப்படி பெரிய சிலுவைக்கு தடை, சின்னது ஓகே.

பிரிட்டன்: 2006-ல பிரிட்டிஷ் ஏர்வேஸ் செக்-இன் ஊழியர் ஒருத்தர் சிலுவைய மறைக்க மாட்டேன்னு நின்னதால வேலை செய்ய விடல, அவங்க விடாம போராடி 2013-ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துல ஜெயிச்சாங்க. அதே தீர்ப்புல ஒரு நர்ஸ் தோத்துட்டாங்க, நோயாளி சங்கிலிய பிடிச்சு இழுத்தா காயம் படும்னு ஆஸ்பத்திரி சொன்னது எடுபட்டுச்சு. அதுல எனக்கு தப்பு தெரியல.

மனசாட்சிக்காக வேலைய மறுக்கறது

பிரான்ஸ்: ஒருபால் திருமணம் நடத்த மேயருங்க மறுக்க முடியாதுன்னு 2013-ல அரசியலமைப்பு கவுன்சில் சொல்லிடுச்சு.
பிரிட்டன்: இங்கயும் அதே மாதிரிதான், ஒருபால் ஜோடிங்களோட சிவில் பார்ட்னர்ஷிப்ப (திருமணம் மாதிரியான சட்டப்பூர்வ உறவு) பதிவு செய்ய மறுத்த பதிவாளர் ஒருத்தர் வழக்குல தோத்தாங்க.

சலுகை

பிரான்ஸ்: 1905-லயே அரசும் சபையும் பிரிஞ்சாச்சு, ஆனா கிறிஸ்துமஸ் அரசு விடுமுறைதான்.
பிரிட்டன்: மேல்சபையில 26 பிஷப்புங்களுக்கு சீட். இத வச்சுக்கிட்டு கிறிஸ்தவங்கள ஒடுக்கறாங்கன்னு மொத்தமா சொல்றது சரியில்ல, மத்த மதத்துக்காரங்களுக்கு இது கிடையாதே.

அரசு வேலையில இருந்துக்கிட்டே நம்பிக்கைய வெளிய காட்டணும்னா பிரிட்டன். யாருக்கும் தனி சலுகை வேணாம், எல்லாருக்கும் ஒரே விதின்னா பிரான்ஸ். நான் பிரிட்டன் பக்கம்தான், ஒரு சின்ன சிலுவை யாரையும் ஒண்ணும் பண்ணாது.