எஞ்சினைத் திறந்து காட்டாமல் மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்

பழைய சிறிய கார் வைத்திருப்பவர்களை முன்கூட்டியே எச்சரிக்கவே இதை எழுதுகிறேன். வண்டி சூடேறி வழியில் நின்று, அதைப் பட்டறைக்கு இழுத்துச் சென்ற மறுநாளே “எஞ்சின் போய்விட்டது, வேறு எஞ்சின் போட வேண்டும்” என்று தொலைபேசியில் சொன்னால், எஞ்சினைத் திறந்து, அளந்து, பழுதை உங்கள் கண்முன் காட்டும்வரை ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். திருச்சியில் எங்கள் குடும்பத்துக்கு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பட்டறையின் மீதான புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

வண்டி அப்பாவுடையது. 2011-ஆம் ஆண்டு மாருதி ஆல்ட்டோ, மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின். சென்னையிலிருந்து தம்பி ஓட்டி வந்தபோது பாடாலூரைத் தாண்டியதும் பானட்டிலிருந்து ஆவி கிளம்பியிருக்கிறது. உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டான். ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் வெடித்துக் கூலண்ட் முழுவதும் கொட்டியிருந்தது. தண்ணீர் ஒரேயடியாக வெளியேறிவிட்டால் வெப்ப சென்சாரைச் சுற்றி வெறும் காற்றும் ஆவியும்தான் இருக்கும் என்பதால், மீட்டர் சரியான சூட்டைக் காட்டாமல் போவதும் உண்டு. எஞ்சின் ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்த்தபோது அது ஓடியது. ஆனால் உதறலோடு, சைலன்சரில் வெள்ளைப் புகையோடு ஓடியது.

இந்த அறிகுறிகளை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தானாகச் சுழன்று ஸ்டார்ட் ஆகிற எஞ்சின் ‘சீஸ்’ ஆகவில்லை, அதாவது உள்ளே இறுகிச் சிக்கிக்கொள்ளவில்லை. உதறலும் வெள்ளைப் புகையும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹெட் கேஸ்கெட்டைத்தான், அதாவது எஞ்சினின் அடிப்பகுதிக்கும் அதை மேலே மூடும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகட்டை. சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அதிகச் சூட்டில் அது லேசாக வளையும், வளைந்த இடத்தில் கேஸ்கெட்டின் பிடி தளரும், எரிந்த வாயு பக்கத்துச் சிலிண்டருக்கோ தண்ணீர்ப் பாதைக்கோ கசியும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளில் கம்ப்ரஷன் கேஜை வைத்து ஒவ்வொரு சிலிண்டராக அளந்தால், பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் படுத்துக் கிடப்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். இதற்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேர வேலையை அந்தப் பட்டறை செய்யவில்லை.

வண்டியை விட்ட மறுநாள் காலையில் அப்பாவுக்கு அழைப்பு வந்தது. “சார், பிளாக்கே கிராக் விட்டுருச்சு. இதுல செலவு பண்ணுனா வேஸ்ட். கம்மியா ஓடுன ஹாஃப் எஞ்சின் ஒண்ணு இருக்கு, சொன்னீங்கன்னா எடுத்து வெச்சிடுறேன், நாளைக்கு இருக்காது” என்றார் பட்டறைக்காரர். (பிளாக் என்பது சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சினின் அடிப்பகுதி; ஹாஃப் எஞ்சின் என்றால் அந்தக் கீழ்ப்பாதி.) மொத்த மதிப்பீடு 68,000 ரூபாய். அதில் ஹாஃப் எஞ்சினுக்கு மட்டும் 45,000. மீதி கேஸ்கெட் செட், ஆயில், கூலி. மூன்று மாத கியாரண்டி என்பதை வாட்ஸ்அப்பில் அனுப்பிய மதிப்பீட்டுச் சீட்டிலேயே கையால் எழுதியிருந்தார். அப்பா 40,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினார். மீதி 28,000 ரூபாயை வண்டி எடுக்கும் நாளில் ரொக்கமாகத்தான் தர வேண்டும் என்று கறாராக வாங்கிக்கொண்டவர்கள், பில் கேட்டபோது “ஜிஎஸ்டி போட்டா தொகை ஏறிடும் சார்” என்று தட்டிக்கழித்தார்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வரத் தொடங்கியது. ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு கண்கூடாக இறங்கிக்கொண்டே போனது. பிஸ்டன் ரிங்குகளோ வால்வு சீல்களோ தேய்ந்து, எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்பதன் அடையாளம் அது. கேட்டபோது, புது ரிங் படிந்து வரும்வரை அப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்தது. புது ரிங் போட்டதாக அவர்களுடைய மதிப்பீட்டில் ஒரு வரிகூட இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கலை அப்பாதான் கண்டுபிடித்தார். வண்டிக்கு 15 வருடம் நிறையப் போவதால், ஆர்.சி. புதுப்பிப்பதற்காகக் காகிதங்களை எடுத்து வைக்கும்போது எஞ்சின் எண்ணைச் சரிபார்க்கலாம் என்று டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்; எண் பொருந்தவில்லை. எஞ்சின் எண் பிளாக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். ஹாஃப் எஞ்சின் என்றால் பிளாக், கிராங்க், பிஸ்டன் எல்லாம் சேர்ந்தது. ஆகவே ஹாஃப் எஞ்சின் மாறினால் எண்ணும் மாறிவிடும். பழைய எஞ்சினைப் பழுது பார்ப்பதற்கும் வேறு எஞ்சின் போடுவதற்கும் சட்டப்படி உள்ள பெரிய வேறுபாடு இதுதான் என்றாலும், முன்பணம் வாங்கும்போது இதை அவர்கள் சொல்லவே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பு நிறுவனம் முதலில் குறிப்பிட்டவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்ற வேண்டும். அதற்கு அந்த எஞ்சினை வாங்கிய ரசீதும், அது எந்த வண்டியிலிருந்து முறையாக எடுக்கப்பட்டது என்பதற்கான ஆதாரமும் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆர்.சி. புதுப்பிக்கும்போது நடக்கும் ஆய்வில் வண்டி நிற்கும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும். அந்த எஞ்சின் திருட்டு வண்டியினுடையதாக இருந்துவிட்டால் காவல் நிலையத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வண்டியின் சொந்தக்காரர்தான். காகிதம் கேட்ட அப்பாவிடம் பட்டறைக்காரர் சொன்னது: “அதையெல்லாம் யாரு சார் பாக்கப் போறா?” எழுபது வயதுக்காரரிடம், அவர் பணத்தை வாங்கிக்கொண்டு, இப்படி ஒரு பதிலைச் சொல்ல எப்படி மனம் வந்தது என்று இன்றும் எனக்கு ஆறவில்லை.

எங்கள் பழைய எஞ்சினைத் திருப்பித் தரச் சொன்னோம். ஸ்கிராப்புக்குப் போட்டாகிவிட்டது என்றார்கள். ஆனால் பட்டறையின் பின்புறம் தார்ப்பாய்க்கு அடியில் அது கிடப்பதைத் தம்பி பார்த்துவிட்டான். ஆர்.சி.யில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டுக் காட்டியதும் அவர்களால் மறுக்க முடியவில்லை. ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பிடித்து, அரியமங்கலம் பக்கம் எஞ்சின் வேலை மட்டுமே செய்கிற ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றோம். நானும் கூடப் போயிருந்தேன்.

அந்த லேத் பட்டறைப் பெரியவர் எஞ்சினைத் தரையில் இறக்கிய உடனே குனிந்து ஹெட்டின் மேல் இருக்கும் மூடியான டேப்பட் கவரின் போல்ட்டுகளைப் பார்த்தார். மண்ணும் ஆயிலும் சேர்ந்து இறுகிய கறுப்புப் படலம் போல்ட் தலைகளின் மேல் உடையாமல் அப்படியே இருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. “அம்மா, இத யாருமே தொறக்கலையே. தொறக்காம கிராக்குன்னு எப்படிச் சொன்னாங்க?” என்று கேட்டார். பிறகு எங்கள் முன்னாலேயே ஹெட்டைக் கழற்றினார். கேஸ்கெட்டில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பகுதி கருகி அறுந்திருந்தது. ஹெட்டின் அடிப்பரப்பைத் துடைத்து, அதன் மேல் நேரான விளிம்புள்ள ஸ்ட்ரெய்ட் எட்ஜைக் குறுக்காக வைத்து, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். பல சிறிய கார்களுக்கு அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மில்லிமீட்டர்தான், இதில் 0.10 தகடு நடுவில் தாராளமாகப் போய்வந்தது, 0.15 போகவில்லை. அதே சோதனையைப் பிளாக்கின் மேற்பரப்பில் செய்தபோது 0.05 தகடுகூட எங்கேயும் நுழையவில்லை. சிலிண்டர் சுவர்களில் விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். நகத்தில் சிக்குகிற கீறல் ஒன்றுகூட இல்லை. கம்பெனியில் போட்ட குறுக்குக் கோடுகள் வெளிச்சத்தில் இன்னும் தெரிந்தன. ஹெட்டையும் பிளாக்கையும் தண்ணீர்ப் பாதைகளை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்ததில் விரிசல் எங்கும் இல்லை.

ஹெட்டைச் சமமாக்கி, புதுக் கேஸ்கெட்டும் புது ஹெட் போல்ட்டுகளும் போட்டு, ஹோஸ், தெர்மோஸ்டாட், கூலண்ட், ஆயில், எஞ்சினைக் கழற்றி மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து முறையான பில்லோடு ஆன தொகை 19,000 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. அதாவது, கிராக் என்று பொய் சொல்லி, இதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் பறித்துக்கொண்டு, நல்ல எஞ்சினைத் தங்களிடம் நிறுத்திக்கொண்டு, தேய்ந்துபோன ஒன்றை எங்கள் வண்டியில் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

எஞ்சினை மாற்றுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆயில் இல்லாமல் ஓடி கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்திருந்தால், அல்லது சிலிண்டர் சுவரிலிருந்து தண்ணீர்ப் பாதை வரை உண்மையாகவே விரிசல் ஓடியிருந்தால், மாற்றுவதுதான் சரி. சுவரில் கீறல் மட்டும் இருந்தால் சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி (‘போர் அடித்து’), 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட வழி இருக்கிறது. அதற்கான பிஸ்டன் கிடைக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். எதைச் செய்தாலும் வண்டியின் இன்றைய விலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் ஆல்ட்டோவைப் போன்ற வண்டி நல்ல நிலையில் ஒரு லட்சம் ரூபாயை ஒட்டித்தான் போகும் என்று விசாரித்த இடங்களில் சொன்னார்கள். 15 வருடம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதோடு பசுமை வரியும், எஃப்.சி.க்காக (தகுதிச் சான்றுக்காக) செய்ய வேண்டிய மற்ற வேலைகளும் சேரும். இத்தனையும் காத்திருக்கிற வண்டிக்கு 68,000 ரூபாயில் வரலாறு தெரியாத எஞ்சின் போடுவதைவிட, உள்ளது உள்ளபடியே விற்றுவிடுவதுகூட மேலாக இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கைப் போடுவதற்கு உண்மையான பழுது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் எங்களிடமிருந்து மறைத்தார்கள். காப்பீட்டையும் நம்பியிருக்க வேண்டாம். சாதாரண கார் பாலிசிகளில் இயந்திரக் கோளாறு விலக்கப்பட்டிருக்கும்.

ஆகவே ஹெட்டைக் கழற்றும் நாளில் பட்டறையில் இருங்கள். வெளியூரில் இருந்தால் கம்ப்ரஷன் அளவுகளையும், ஹெட்டின் மேல் ஃபீலர் கேஜ் வைத்த படத்தையும், கிராக் என்று சொல்லும் இடத்தின் படத்தையும் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். திறந்து பார்க்கும் கூலியைத் தனியாகத் தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் நேர்மையான மெக்கானிக் யாரும் மறுக்க மாட்டார். பழைய எஞ்சின் உங்களுக்கே திரும்ப வேண்டும் என்பதையும் மதிப்பீட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளிலிருந்து வரும் எஞ்சின் என்றால், எண் குறிப்பிட்ட ரசீதையும் அது வந்த வண்டியின் ஆவண நகலையும் பார்த்த பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

நாங்கள் பணத்தைத் திருப்பித் தரக் கோரி, லேத் பட்டறையின் அளவீட்டுக் குறிப்பையும் படங்களையும் இணைத்து, ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பினோம், பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்த புகாருக்கும் அவர்கள் இணங்கி வரவில்லை. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பரிவர்த்தனை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தராமல் இருப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. அதனால் ரொக்கமாகக் கொடுத்த 28,000 ரூபாய்க்கு ரசீது இல்லையே என்று நாங்கள் ஒதுங்கவில்லை. மொத்தத் தொகை எழுதிய வாட்ஸ்அப் சீட்டும் ஜிபே பதிவும் மனுவோடு இருக்கின்றன. எண் பொருந்தாத அந்த எஞ்சினை, சாட்சியப் பொருள் என்பதால், யாருக்கும் விற்காமல் எங்கள் கார் ஷெட்டிலேயே மூடி வைத்திருக்கிறோம். திருச்சியில் இதே போல ‘பிளாக் கிராக்’ என்று சொல்லி எஞ்சின் மாற்றப்பட்டவர்கள் யாராவது இருந்தால், உங்கள் வண்டியின் எஞ்சின் எண்ணை ஆர்.சி.யோடு இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அந்த இரண்டு ஆண்டுக் கெடு முடிவதற்குள் மனு கொடுத்துவிடுங்கள்.