பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம்: குடியாத்தத்தில் விண்ணப்பித்த அனுபவம்

ஒரே பெண்ணோ இரண்டும் பெண்ணோ பிறந்து, குடும்பக் கட்டுப்பாடும் செய்துகொண்டவர்கள் வேலூர் பக்கம் யாராவது தமிழக அரசின் இந்தத் திட்டத்துக்கு இன்னும் எழுதிப் போடாமல் இருந்தால், முதலில் அதைச் செய்யுங்கள். கடைசிக் குழந்தைக்கு 3 வயது முடிந்துவிட்டால் வாங்க மாட்டார்கள். பீடி சுற்றும் என் தங்கைக்கு இரண்டும் பெண்கள், அவளுக்காக நான்தான் அலைந்தேன்.

ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண்கள் என்றால் ஆளுக்கு 25,000, அரசே குழந்தை பெயரில் வைப்புத்தொகையாகப் போடுகிறது. பணம் போட்ட ஆறாவது வருஷத்திலிருந்து படிப்புக்கென்று வருஷம் 1,800 ரூபாய். 18 வயதில் வட்டியோடு முழுப் பணமும் வரும், ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடித்தது, பாதியில் படிப்பை நிறுத்த நினைக்கிற வீட்டில் இது பேசும்.

அலைச்சல் எல்லாம் சான்றுகளுக்குத்தான். வருமானச் சான்று (வருஷம் 1,20,000-க்குள்), இருப்பிடம், அறுவை சிகிச்சைச் சான்று, ஆண் குழந்தை இல்லை என்ற சான்று. நாங்கள் போன தனியார் இ-சேவை மையத்தில் ஒரு சான்றுக்கு 60 ரூபாய் என்று பலகையில் எழுதி வைத்துவிட்டு 150 கேட்டார்கள். ரசீது கேட்டதும் 60-க்கு இறங்கினார்கள், அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். அதற்கு நேர்மாறாக ஒன்றிய அலுவலகத்தில் இருந்த ஊர்நல அலுவலர் அம்மா, பிறப்புச் சான்றில் தங்கையின் இனிஷியல் அப்பா பெயரிலும் ரேஷன் கார்டில் வீட்டுக்காரர் பெயரிலும் இருப்பதை விரலை வைத்துக் காட்டி, இதைத் திருத்திக்கொண்டு வாங்கம்மா, இல்லையென்றால் 18 வருஷம் கழித்து இந்தப் பிள்ளைதான் நிற்கும் என்றார். பத்து நிமிஷம் உட்கார வைத்து அவர் சொன்னது எங்களுக்குப் பெரிய உதவி.

இந்தத் திட்டத்துக்கும் நம்ம ஊருக்கும் பழைய உறவு உண்டு. இது வந்தது 1992-இல், ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது. சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும் அதே வருஷம்தான். அப்போதைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் (வேலூர் பக்கம் அப்போது அதில்தான் இருந்தது), கே.வி.குப்பம் வட்டாரத்துக் கிராமங்களில் பெண் சிசுக்கொலை நடந்ததைப் பதிவு செய்த ஆய்வுக் கட்டுரையும் 1992-இல்தான் வெளிவந்தது. இன்று அதே கே.வி.குப்பத்துக்காரர்களும் பெண் பிள்ளைக்காக எங்களோடு வரிசையில் நின்றார்கள், பார்க்க மனசு நிறைந்தது.

ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டு நிபந்தனை எனக்குச் சரியாகப் படவில்லை. அப்பா அம்மா இருவரில் யார் செய்துகொண்டாலும் சரி என்றுதான் விதி, நடப்பில் கத்தி எப்போதும் பெண் வயிற்றில்தான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைதான், அப்புறம் யாருக்காக இந்தக் கட்டாயம்? பணம் தருவதற்கு வேறு வழியும் உண்டு. இங்கிலாந்தில் 1945-இல் சட்டம் போட்டு, 1946 ஆகஸ்டிலிருந்து இரண்டாவது குழந்தை முதல் ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 5 ஷில்லிங் கொடுத்தார்கள். மசோதாவில் அப்பாவிடம் தருவதாக இருந்த அந்தப் பணத்தை, இதற்காகவே இருபது வருஷத்துக்கு மேல் பேசிவந்த எலினார் ராத்போன் என்ற பெண் எம்.பி. சண்டை போட்டு அம்மா கைக்கு மாற்றினார். குழந்தைக்குப் பால், செருப்பு, நோட்டு வாங்க வேண்டியது இன்றைக்கு. 18 வருஷம் கழித்து வருகிற மொத்தத் தொகையும் வேண்டும்தான், ஆனால் வருஷத்துக்கு 1,800 என்றால் மாதம் 150 ரூபாய், அதையாவது உயர்த்தி மாதாமாதம் அம்மா கணக்கில் போட வேண்டும். வைப்புத்தொகையும் 2011-இல் உயர்த்தியது, இத்தனை விலைவாசிக்கு அது போதாது.

இந்தத் திட்டத்தின் பழைய வைப்புத்தொகைப் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு: 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அந்தப் பக்கத்துக்காரர்கள் முதிர்வுத் தொகைக்குச் சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்துக்கு பஸ் ஏறும் முன், உங்கள் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள். பத்திரத்தின் நகலும் கையில் இருக்கட்டும்.