ஹார்ட் டிஸ்க் 5400-ஆ 7200-ஆ? ஆறு வருசம் கல்யாண வீடியோ எடிட் பண்ணுனதுல தெரிஞ்சது

காரைக்குடில கல்யாண போட்டோ வீடியோ எடிட்டிங் பண்றேன். 2018ல இருந்து ஒரே பிசில ரெண்டு ஹார்ட் டிஸ்க், ஒண்ணு பழைய 1 டிபி 7200 ஆர்பிஎம் (நிமிசத்துக்கு அத்தன சுத்து சுத்தும்), இன்னொண்ணு அப்ப புதுசா வாங்குன 4 டிபி 5400. கடைக்காரண்ணே "தம்பி எடிட்டிங்குக்கு 5400 எடுக்காத, இழுக்கும்"னாரு, கையில காசு இடிச்சுச்சு, எடுத்துட்டேன்.

நம்ம பக்கத்து கல்யாணம் தெரியும்ல, மாப்பிள்ளை அழைப்புல இருந்து திருப்பூட்டு, பந்தி வரைக்கும் மூணு கேமரா, 300 ஜிபிக்கு கொறையாது. அத காப்பி பண்றப்ப 5400ல செகண்டுக்கு 160 எம்பி வருது, 7200ல 110 தான்! மெதுவா சுத்துனாலும் புது டிஸ்க்ல டேட்டாவ நெருக்கி எழுதியிருக்கான், ஒரு சுத்துக்குள்ள ஹெட்டுக்கு, அதாவது டேட்டாவ படிக்கிற முனைக்கு, கீழ போற டேட்டா அதிகம், அவ்ளோதான்.

ஆனா 4000 ரா போட்டோவ (கேமரா சுருக்காம அப்படியே தர்ற பெரிய ஃபைல்) தம்ப்நெயில் போட்டுப் பாக்கையில 7200 கொஞ்சம் சுறுசுறுப்பு. வேணுங்குற எடம் சுத்தி வர்றதுக்கு 7200ல சராசரி 4.17 மில்லிசெகண்ட், 5400ல 5.56. ஹெட்டு நகர்றதுக்கே எப்படியும் பத்து கிட்ட ஆகும், அதுல இந்த ஒண்ணரை எம்மாத்திரம்? 2021ல கேட்டலாக்க, அதாவது எடிட்டிங் சாஃப்ட்வேர் வச்சிருக்க போட்டோ பட்டியல, சுத்துற பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கு மாத்துனதும் அந்தப் பேச்சே போச்சு.

நடுவுல ஒரு ஆச்சி வீட்டு சாந்தி கல்யாண வேலை ஓடிட்டிருக்கப்ப 4 டிபி டிஸ்க்கோட வேகம் 85 எம்பிக்கு எறங்கிடுச்சு, டிஸ்க் சாகப்போகுதுன்னு பதறி ராவோட ராவா பேக்கப் எடுத்தேன். கடைசில பாத்தா டிஸ்க் ரொம்பிடுச்சு, அவ்ளோதான். ராட்டினத்துல வெளிய உக்காந்தவன் ஒரு சுத்துல அதிக தூரம் போவான்ல, அதே கதை, டேட்டா எழுதுற வட்டத்துல (டிராக்) வெளி டிராக் வேகம், உள் டிராக் மெதுவு, டிஸ்க் நெறைய நெறைய டேட்டா உள் டிராக்குக்கு போகுது.

உண்மையா என்னைய அழவிட்டது பேக்கப்புக்கு வாங்குன இன்னொரு 5400. மொதல்ல நல்லா ஓடும், கொஞ்ச நேரத்துல 25 எம்பி, அப்பறம் அப்படியே நிக்கும். அது எஸ்எம்ஆர் டிஸ்க்காம், நம்ம வீட்டு நாட்டு ஓடு மாதிரி டிராக் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெடக்கும், ஒரு ஓட்ட மாத்தணும்னா பக்கத்து ஓட்டையெல்லாம் எடுத்து திரும்ப வேயணும்ல, அந்த வேலைதான் உள்ள நடக்குது. டப்பால ஒரு எழுத்து போடல, 5400 மட்டும் போட்டிருந்துச்சு, பாவம் பழி பூரா ஆர்பிஎம் மேல.

சூடு பத்தி சொல்லணும்னா சித்திரைல மேல் வீட்டு ரூம்ல 7200 அம்பது டிகிரிய தொட்டுடும், சத்தமும் ஜாஸ்தி, 5400 எட்டு டிகிரி கம்மியாவே இருக்கும்.

இப்ப 8 டிபி பாக்கலாம்னு அதே கடைக்கு போயி "அண்ணே இது எஸ்எம்ஆரா, இல்ல டிராக் ஒண்ணுமேல ஒண்ணு ஏறாத சிஎம்ஆரா"ன்னு கேட்டேன். "அதெல்லாம் என்னப்பா, 7200 இருக்கு, எடுத்துட்டுப் போ"ங்கிறாரு.