நடைவண்டி வாங்கும்போது சக்கரத்தைப் பாருங்கள்

பாட்டும் விளக்கும் பார்த்து நடைவண்டி வாங்காதீர்கள். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் வெறும் பிளாஸ்டிக் சக்கரம் சர்ரென்று ஓடிவிடும், பிடித்திருக்கும் குழந்தை குப்புற விழும். சக்கரத்தைச் சுற்றி ரப்பர் பட்டை கட்டாயம் வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகும் இருந்தால் ரொம்ப நல்லது: தொடக்கத்தில் நன்றாக இறுக்கி வைத்து, நடை பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தலாம்.

குழந்தை கைப்பிடியைப் பிடித்து எழும்போது வண்டியைத் தன் பக்கம்தான் இழுக்கும். கைப்பிடி பின்சக்கரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வண்டி குழந்தை மேலேயே சாயும். கடையிலேயே கைப்பிடியைக் கீழே அழுத்திப் பின்னால் இழுத்துப் பாருங்கள். முன்சக்கரம் எழும்பினால் வேண்டாம். தட்டு வைத்த மரவண்டி என்றால் முன்பக்கம் ஒன்றிரண்டு கிலோ புத்தகம் வைத்துச் சமாளிக்கலாம். எடை குறைந்த பிளாஸ்டிக் வண்டிகள் பலவற்றில் அதற்கு இடமே இருக்காது.

உள்ளே உட்கார வைத்து உருட்டும் வாக்கர் வேறு பொருள், அதை வாங்கவே வேண்டாம். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.

பேட்டரி மூடி திருகு போட்டதாக இருக்கட்டும். அச்சுத் திருகுகள் ஓட ஓடத் தளரும். வாரம் ஒருமுறை இறுக்குங்கள்.