அஞ்சாளைத் தொட்டிக்குக் கடல்நீரா, உப்புக் கலவையா?

மயிலாடுதுறைப் பக்கம் ஸ்னோஃப்ளேக் அஞ்சாளையை (பாம்புபோல் நீண்ட கடல்மீன்) தொட்டியில் வளர்ப்பவர்களுக்குத் தரங்கம்பாடி கைக்கெட்டும் தூரம். கேனில் கடல்நீர் பிடித்து வந்தால் உப்புச் செலவே இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவின் மழைவெள்ளம் ஆறும் வாய்க்காலுமாகக் கடலில்தான் விழுகிறது. கரையோர நீர் கலங்கி, உப்பும் குறைந்துவிடும். வயலில் போட்ட உரமும் மருந்தும் கூடவே வரும். கடல் தெளிந்தபின் எடுக்கலாம். அப்போதும் பூம்புகார் முகத்துவாரம் வேண்டாம், தள்ளிப் போய் எடுங்கள்.

கடல்மீன் தொட்டிக்கென்றே பாக்கெட்டில் விற்கும் உப்புக் கலவை விலை அதிகம்தான். ஆர்.ஓ. நீரில் கொட்டி, சின்ன மோட்டார் போட்டு ஒரு நாள் சுழலவிட்டால், எந்த மாதமானாலும் ஒப்படர்த்தியை (நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) 1.025-இல் நிறுத்தலாம். நான் இதைத்தான் சொல்வேன். அஞ்சாளைக்குக் கண்பார்வை மந்தம். இடுக்கியில் இறால் துண்டை நீட்டினால், பாறை இடுக்கிலிருந்து மூக்கை நீட்டி, வாசனை பிடித்துத்தான் கவ்வும். அப்படித் தின்பதற்கேற்பக் கழிவும் அதிகம். அந்தக் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட் ஏறாமலிருக்க நீரைத் தவறாமல் மாற்ற வேண்டும். அடைமழையில் அதற்குக் கடற்கரைக்கு ஓட முடியுமா?

அப்புறம், எந்த நீரானாலும் மூடி இறுக்கமாக இருக்கட்டும். குழாய் நுழையும் சந்து போதும், ராத்திரியில் வெளியே வந்துவிடும்.