ஸ்கிராபிள்: காய்கள் வேண்டும், விதித்தாள் வேண்டாம்

ஆங்கில வகுப்புக்கு எந்த விளையாட்டை வாங்கலாம் என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது ஸ்கிராபிள், அதாவது பாயின்ட் போட்ட எழுத்துக்காய்களைப் போர்டில் கோத்துச் சொல் அமைக்கும் ஆட்டம். ஆனால் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் விதித்தாளை அப்படியே ஓரமாக வைத்துவிடுங்கள் என்றும் சேர்த்துச் சொல்வேன். அதன்படி ஆடினால் அது எழுத்துக்கூட்டலும் கூட்டல் கணக்கும்தான். சொல்லின் பொருள் தெரிய வேண்டிய அவசியமே கிடையாது.

நான் தேனிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை ஆங்கிலம் எடுக்கிறேன். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளை என்று என் வகுப்பில் ஒருவரும் இல்லை. இங்கே சொல்வதெல்லாம் அப்படிப்பட்ட வகுப்பை மனதில் வைத்துத்தான். நகரத்துக் கான்வென்ட் பிள்ளைகளுக்கு இதில் பாதி பொருந்தாமல் போகலாம்.

பெட்டியில் 15க்கு 15 கட்டம் போட்ட போர்டு, 100 எழுத்துக்காய்கள், அவற்றைப் போட ஒரு பை, காய்களை நிறுத்தி வைக்க நான்கு தாங்கிகள் இருக்கின்றன. காய்கள் கையில் பிடிக்க நன்றாக இருக்கும், ஓரம் குத்தாது. முதலில் இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஏதோ ஒரு நகலைத்தான் வாங்கினேன். பெயர் வேண்டாம். ஒரு பருவம் முடிவதற்குள் எழுத்துகள் தேய்ந்து மொட்டைக் காய்களாகிவிட்டன. ஆகவே இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

அடுத்த சிக்கல் தலைக்கணக்கு. ஆட்டம் இரண்டு முதல் நான்கு பேருக்கானது, வகுப்பிலோ நாற்பது பேர். ஒரு தாங்கிக்கு மூன்று பிள்ளைகள் என்று உட்கார வைத்தால் பன்னிரண்டு பேர் ஆடலாம். தனித்தனியாக ஆடுவதைவிட இது மேல், ஏனென்றால் மூன்று பேரும் எந்தச் சொல்லை வைப்பது என்று வாதாட வேண்டியிருக்கும். மற்றவர்களுக்கு என்ன வேலை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

விதிகள் ஏன் நமக்கு ஆகாது என்றால், ஸ்கிராபிள் உலகில் நைஜல் ரிச்சர்ட்ஸ் என்று ஒரு ஜாம்பவான் இருக்கிறார், நியூசிலாந்துக்காரர். 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டியில் பட்டம் வாங்கினார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போய் ஜெயித்தார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்தார். அவருடைய நினைவாற்றலுக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் ஒரு சொல்லின் பொருளும் தெரியாமல் உலகப் பட்டம் வாங்க முடிகிற ஆட்டம், தானாகச் சொல்வளம் கற்றுத்தரும் என்று எப்படி எதிர்பார்ப்பது? என் எட்டாம் வகுப்பிலேயே ஒரு சுட்டிப் பையன் அகராதியின் கடைசிப் பக்கங்களில் மேய்ந்து, இசட் வரும் குட்டிச் சொற்களாகப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டான். அர்த்தம் கேட்டால், "பத்து பாயின்ட் டீச்சர்" என்கிறான்.

எழுத்துக்கூட்டல் என்று பார்த்தால் இதற்கு இணையாக நான் இன்னொன்றைப் பார்க்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 1930களில் வேலையிழந்து கிடந்த ஆல்ஃப்ரெட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞர், செய்தித்தாள் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து உருவாக்கிய ஆட்டம் இது. ஸ்கிராபிள் என்ற பெயர் 1948இல்தான் வந்தது. அந்த எண்ணிக்கை காய்களில் அப்படியே தெரியும். ஈ எழுத்துக்கு 12 காய், கே எழுத்துக்கு ஒன்றே ஒன்று. பன்மைக்கு உதவும் எஸ் வெறும் நான்கு. அது அதிகமாக இருந்தால் எல்லாரும் சொல்லின் வாலில் ஒன்றை ஒட்டிவிட்டுச் சுலபமாகப் பாயின்ட் வாங்கிவிடுவார்கள் என்று பட்ஸ் கணக்குப் போட்டிருக்கிறார். எங்கள் பிள்ளைகளும் சரியாக அதைத்தான் செய்யப் பார்க்கிறார்கள்.

தமிழ் காதோடு ஆங்கிலம் எழுத வரும் பிள்ளைக்கு 'பஸ்'ஸின் முதல் எழுத்தும் 'பென்'னின் முதல் எழுத்தும் ஒன்றுதான். நோட்டில் சிவப்பு மையால் திருத்தினால் ஏறாத இந்த வித்தியாசம், காயைக் கையில் எடுத்துப் பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போடும்போது ஏறுகிறது. ஒருநாள் ஏழாம் வகுப்புக் குழு ஒன்று 'கோட்' என்று வைத்தது. அவர்கள் நினைத்தது ஆடு. வைத்திருந்தது சட்டைக்கு மேல் போடும் கோட்டு. ஜி எழுத்துக்கு 2 பாயின்ட், சி எழுத்துக்கு 3 என்பதால் தப்பாக வைத்தவர்களுக்கு ஒரு பாயின்ட் கூடுதலாகவே கிடைத்திருக்கும்! விதித்தாளின்படி அது செல்லும், ஆட்சேபிக்க வழியில்லை. ஆனால் எங்கள் வகுப்பு விதி வேறு. வைத்த சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொன்னால்தான் பாயின்ட். "தி கோட் ஈஸ் ஈட்டிங் கிராஸ்" என்று கம்பீரமாகச் சொன்னார்கள். எதிர்க்குழுப் பெண் ஒருத்தி போர்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டீச்சர், சட்டை புல்லு தின்னுது" என்றாள். அதற்குப் பிறகு அந்த இரண்டு சொல்லையும் அந்த வகுப்பில் யாரும் குழப்பிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

அந்த ஒரு விதிதான் முக்கியம். கூடவே இன்னும் சில மாற்றங்கள் வைத்திருக்கிறேன். காயை வைக்கும் முன்பே அகராதியைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த வாரப் பாடத்தில் வந்த சொல் என்றால் இரட்டைப் பாயின்ட். முழு ஆட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும், நமக்கு இருப்பது ஒரு பீரியட், அதிலும் வருகைப்பதிவு போக மிச்சம். எனவே பீரியட் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே காயை எடுத்து எண்ண ஆரம்பித்துவிட வேண்டும். எண்ணாமல் விட்டால் அடுத்த வாரம் 97 காய்தான் இருக்கும். தொலைந்த காய்க்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி எழுதிவைத்தால் போதும், ஆனால் பைக்குள் கைவிட்டதும் எது அட்டை என்று தடவியே கண்டுபிடித்துவிடுகிறார்கள், திருடர்கள்.

சிறு பிள்ளைகளுக்கு ஸ்கிராபிள் ஜூனியர் என்று தனியாக வருகிறது. போர்டிலேயே சொற்களை அச்சிட்டிருக்கும், எழுத்தைப் பொருத்தினால் போதும். மூன்றாம் வகுப்புக்குச் சரி. அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் சீக்கிரம் சலித்துவிடும்.

மற்ற பிள்ளைகளுக்கு வேலை தருவதாகச் சொன்னேன் அல்லவா, அவர்கள் ஆடுவது டேபூ. 1989இல் வந்த ஆட்டம். அட்டையின் தலையில் ஒரு சொல், கீழே ஐந்து தடைச்சொற்கள். அந்த ஆறையும் சொல்லாமல் தன் குழுவுக்கு விளக்க வேண்டும். இதற்குக் கடையில் விற்கும் அட்டைகள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு எழுதியவை, எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது. காசு கொடுத்து வாங்காதீர்கள். அட்டையைப் பிள்ளைகளே எழுதட்டும், தடைச்சொல் மூன்று போதும். ஒரு சொல்லுக்கு எதையெல்லாம் தடுத்தால் எதிராளி திணறுவான் என்று யோசிக்கும்போதே அந்தச் சொல்லைச் சுற்றியுள்ள பத்துச் சொற்கள் வந்து விழுகின்றன. உண்மையில் பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது, ஆடுவது அதற்குமேல் போனஸ்.

பசுமாட்டுக்கு ஒரு குழு பால், புல், கொம்பு மூன்றையும் தடுத்திருந்தது. விளக்க வந்த பெண் கொஞ்ச நேரம் விழித்தாள். அப்புறம், "இட் ஈஸ் ஈட்டிங் சினிமா போஸ்டர்" என்றாள். வகுப்பே ஒரே குரலில் விடையைக் கத்தியது, பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு சார் எட்டிப் பார்த்தார். வருடம் முழுக்க வாயைத் திறக்காத பெண் அவள். வாயைத் திறக்க வைப்பதில் டேபூதான் மேல் என்பேன். அதில் எழுத்துக்கூட்டல் வராது. அதற்கு ஸ்கிராபிள் வேண்டும்.

இடையில் பனானாகிராம்ஸும் ஆடிப் பார்த்தோம். வாழைப்பழ வடிவப் பையில் 144 காய், போர்டு இல்லை, பாயின்ட் இல்லை, ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொற்களை அடுக்கிக்கொண்டே போக வேண்டும். வேகமான ஆட்டம், பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. ஆனால் எல்லாரும் தன் தன் காய்களையே பார்த்துக்கொண்டு குனிந்திருப்பதால் பேச்சே இல்லை. டியூஷனில் நாலைந்து பேர் என்றால் வாங்கலாம்.

பள்ளிக்கு ஒரு ஸ்கிராபிள் பெட்டி போதும். தலைமையாசிரியரிடம் இரண்டு பெட்டிக்குப் பணம் தேறினால், இரண்டாவது பெட்டிக்குப் பதிலாக ஆங்கிலம்-ஆங்கிலம்-தமிழ் அகராதி கூடுதலாக இரண்டு வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஆட்டத்தில் அடிதடி நடப்பது போர்டுக்காக இல்லை, அகராதிக்காக.