பூஞ்சண ஒவ்வாமைக்கு எயார் பியூரிஃபயர் வாங்கப் போகிறவர்கள் கவனம்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் சுவர் சரியாகக் காயாது. அலுமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி, சப்பாத்தில் வெள்ளைப் பூஞ்சணம், வீட்டில் யாருக்காவது விடியற்காலைத் தும்மலும் இழுப்பும். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டே சில கடைகளில் “பூஞ்சணத்துக்கென்றே செய்த மெஷின்” என்று விற்கிறார்கள். எங்களுக்கும் அப்படி ஒன்றைத் தள்ளிவிட்டார்கள்.

அம்மாவுக்குப் பூஞ்சண ஒவ்வாமை என்று டொக்டர் சொன்ன பிறகு டவுனில் ஒரு கடைக்குப் போனேன். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா பில்டர் இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். “ஒரிஜினல் ஹெப்பா மிஸ். ரெண்டு கிழமை போட்டுவிடுங்க, சுவர்ல உள்ள கறுப்பும் காய்ஞ்சு உதிர்ந்திடும். பில்டர் மாத்தவே தேவையில்ல, கழுவிக் கழுவிப் பாவிக்கலாம்” என்றார் கடைக்காரர். விலை 38,000 ரூபா.

காட்சிக்கு வைத்திருந்தது ஒன்று, பெட்டியில் கட்டிக் கொடுத்தது வேறு. அடிப்பக்க லேபலில் பொடி எழுத்தில் ‘ஹெப்பா டைப்’ என்றிருந்தது. உள்ளே மெல்லிய பஞ்சுத் தகடு, அவ்வளவுதான். உண்மையான ஹெப்பா என்றால் 0.3 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துணிக்கைகளில் 99.97 வீதத்தைப் பிடிக்க வேண்டும். பூஞ்சண வித்துகள் பெரும்பாலும் 2 மைக்ரோனுக்கு மேல், ஆகவே நல்ல ஹெப்பாவில் அவை தாராளமாக மாட்டும். ‘டைப்’ என்று போட்டால் அந்த உத்தரவாதம் எதுவும் கிடையாது. வழக்கமான ஹெப்பா பில்டரைக் கழுவவும் கூடாது, காலத்துக்குக் காலம் மாற்றத்தான் வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது சி.ஏ.டி.ஆர். என்ற எண். ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு சுத்தமான காற்றை மெஷின் தருகிறது என்பதுதான் அது. அம்மாவின் அறை 10க்கு 12 அடி, உயரம் 9 அடி. ஏறக்குறைய 30 கன மீற்றர். ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தக் காற்று மணிக்கு ஐந்து தடவையாவது சுத்தமாக வேண்டும் என்று பார்த்தால் மணிக்கு 150 கன மீற்றர் தேவை. எங்களுக்குத் தந்ததில் 40!

எனக்கு மிகவும் கோபம் வந்தது இதற்காக அல்ல. மெஷினைப் போட்டதும் போட்டோகொப்பிக் கடையில் வருவது போல ஒரு காரமான வாடை. காற்றுக்கு மின்னேற்றும் அயனைசர் என்ற பகுதி ஓசோன் வாயுவை விடுகிறது, அதைத் தனியாக நிறுத்த வழியில்லை. ஓசோன் நுரையீரலைப் பாதிக்கும், இழுப்பு உள்ளவர்களுக்கு இன்னும் கூடாது. அம்மாவுக்கு அன்று இரவு முழுக்க இருமல். நோயாளிக்கு என்று சொல்லித்தானே கேட்டோம், தெரிந்தே எப்படிக் கொடுக்க மனம் வந்தது?

திருப்பிக் கொண்டுபோனால், “பெட்டி உடைச்சாச்சு, எடுக்க ஏலாது. உங்க வீட்டு ஈரத்துக்கு மெஷின் என்ன செய்யும்?” என்கிறார். சுவர்க் கறுப்பு உதிரும் என்று சொன்னதும் அவர்தான்.

சுவரில் இருக்கும் பூஞ்சணத்தை எந்தப் பியூரிஃபயரும் எடுக்காது. காற்றில் மிதப்பதை மட்டும்தான் பிடிக்கும். முதலில் பீலியில் ஒழுக்கு இருக்கிறதா பாருங்கள், அலுமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிவையுங்கள், ஈர உடுப்பை அறைக்குள் காயப்போடாதீர்கள். சிறிய இடமாக இருந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் காயவிடலாம், ஆனால் அதை ஒவ்வாமை உள்ளவர் செய்ய வேண்டாம். வீட்டுக்குள் ஈரப்பதன் 60 வீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். அதற்கு ஈரமுறிஞ்சும் மெஷின் வாங்குவதானாலும் கம்பிரசர் வகையா (ஃப்ரிட்ஜ் போலக் குளிரவைத்து ஈரத்தை எடுப்பது) என்று கேளுங்கள். நுவரெலியாக் குளிரில் அந்த வகை சரியாக வேலை செய்யாது, ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்த டெசிக்கன்ட் வகைதான் சரி.

நான் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய தொலைபேசி எண் 1977. எங்கள் பில்லில் ‘பியூரிஃபயர் 1’ என்று மட்டும்தான் இருக்கிறது, இப்போது அதுவே எங்களுக்குத் தடையாக நிற்கிறது. நீங்கள் வாங்கினால் மொடல் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், கடையிலேயே பெட்டியைப் பிரித்து லேபலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.